ஒருத்தன் மட்டும் ஓடவில்லை

அந்த ஊதல் மைதானத்தின் மேலாகச் சீறிப் பாய்ந்து அடங்கிய பிறகுதான், அதை ஊதியது தான் என்பது சுயெனுக்கு உறைத்தது.

உதட்டிலிருந்து ட்ரம்பெட்டை மெல்ல இறக்கினாள். பக்கத்தில் நின்ற டிராம்போன்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பெரிய முரசை முழக்கிக்கொண்டிருந்த குவாத்தின் கை பாதி வழியில் நின்றது. எதிர்க் கேலரியில் பச்சைச் சீருடையில் வரிசையாக உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த படைவீரர்கள் அத்தனை பேரும் ஒரே உடம்பாக எழுந்தார்கள். யாரும் யாரையும் என்ன என்று கேட்கவில்லை. கேலரியின் இரண்டு படிக்கட்டுகளிலும் பச்சை வழிந்து இறங்கியது. வடக்குக் கோலுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கதவு உண்டு. மைதானத்துக்கும் படைமுகாமுக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான். அந்தக் கதவு அவர்களை வரிசை குலையாமல் விழுங்கத் தொடங்கியது.

ஆடிக்கொண்டிருந்தவர்களும் ஓடினார்கள். சிவப்புச் சட்டை போட்ட ராணுவ அணியின் நடு ஆட்டக்காரன், ஏதோ சொல்ல நடுவரைப் பார்த்துத் தூக்கிய கையை இறக்காமலே ஓடினான். மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சைக் கவிழ்த்துவிட்டு ஓடினார்கள். பயிற்சியாளரான கேப்டன், மிச்சப் பந்துகள் இருந்த பையைத் தோளில் போட்டபடி ஓடினார். சமையல்கூடத்து நாய் எல்லோருக்கும் முன்னால் ஓடியது. கோல் கம்பத்தின் இரு பக்கமும் அவர்கள் பாய்ந்து போனபோது, கடைசியாக ஓடிய தடுப்பாட்டக்காரன் கோல்கீப்பரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "வாடா, அபாய ஊதல்டா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோல்கீப்பர் நகரவில்லை. முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, முன்னால் வரும் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் லுவான். சுயெனின் ஒரே மகன்.

டிசம்பர் இருபத்திரண்டு, ராணுவ தினம். ஆண்டுதோறும் அன்று மத்தியானம் ரெஜிமென்ட் அணிக்கும் ஊர் அணிக்கும் போட்டி. சிவப்பாற்றுச் சமவெளியின் அந்தச் சிறு நகரத்தில் மைதானம் என்று இருப்பது அது ஒன்றுதான், அதுவும் ராணுவத்துக்குச் சொந்தம். ஊர்க்காரர்கள் அதில் ஓடலாம், நடக்கலாம், சாயங்காலம் பாட்டுப் போட்டுக் கை காலை ஆட்டலாம். ஆனால் புல் யாருடையது என்பதில் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, இரண்டு கோல்களுக்குப் பின்னாலும் ரெஜிமென்ட் சமையல்கூடத்துக்காகக் காய்கறி போட்டிருந்தார்கள். தெற்கே முட்டைக்கோஸ், வடக்கே நூல்கோல். பந்து பாத்திக்குள் விழுந்தால் படைவீரன் ஒருவன்தான் போய் எடுக்க வேண்டும், ஊர்க்காரர் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. ஒருமுறை ஊர் ரசிகன் ஒருவன் பந்து எடுக்கப் போய், திரும்பி வரும்போது சட்டைக்குள் இரண்டு நூல்கோலும் சேர்ந்து வந்ததிலிருந்து இந்த ஏற்பாடு.

மேற்குக் கேலரிக்கு அடியில் வரிசையாகக் கடைகள். மோட்டார் சைக்கிள் கழுவுமிடம், சலூன், கடைசியில் சுயெனின் பீர்க்கடை. அவள் வீடு முகாமின் மதில் சுவரை ஒட்டிய சந்தில். கணவர் மணல் படகில் ஆற்றோடு போனால் திரும்புவது படகின் இஷ்டம். பீர் ஊற்றாத நேரத்தில் சுயென் ட்ரம்பெட் ஊதுவாள். பிறந்த கிராமத்து மாதா கோயில் வாத்தியக் குழுவில், பாவாடை போட்ட காலத்திலிருந்தே அவள்தான் முதல் ட்ரம்பெட். கல்யாணம், சாவு, கிறிஸ்துமஸ், கால்பந்து எல்லாவற்றுக்கும் ஒரே குழு. ஒரு தடவை ஊர் அணிக்குப் பெனால்டி கிடைத்த நேரத்தில் பழக்க தோஷத்தில் பாடை தூக்கும் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். அடித்தவன் பந்தைச் சாலைக்கே அனுப்பினான். அது இன்றைக்கும் கடையில் பேச்சு.

இந்த வருஷம் சிக்கல் என்னவென்றால், சுயென் ஊருக்காக ஊத வேண்டும், மகன் ராணுவத்துக்காக நிற்க வேண்டும்.

லுவானின் இரண்டு வருடக் கட்டாயப் பணி சந்திரப் புத்தாண்டோடு முடிகிறது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வரலாம், பீர்ப் பீப்பாய் உருட்டலாம். இல்லையென்றால், தலைநகரில் இருக்கும் ராணுவ கிளப் அணிக்கு இந்த ரெஜிமென்ட்டிலிருந்து ஒரே ஒரு பெயரைப் பரிந்துரை செய்வார்கள். அது அவன் பெயராக இருந்தால் சீருடையும் சம்பளமும் கையுறையும் வாழ்நாள் முழுக்க. பெயரை எழுத வேண்டியவர் விளையாட்டுப் பொறுப்பில் இருந்த மேஜர் பாங். இந்தப் போட்டியைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். மேலிடத்திலிருந்து ஒரு கர்னல் வேறு வந்து, முதல் வரிசையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் இந்த வருஷம் வரலை, தம்பி. வயித்து வலின்னு வெச்சுக்கோ" என்று சுயென் காலையிலேயே குவாத்திடம் சொல்லிப் பார்த்தாள்.

மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கான குவாத்துதான் ரசிகர் சங்கத் தலைவன். ஒரு வாரமாகத் தலைமுடிக்கு மஞ்சள் சாயம் பூசிக்கொண்டு திரிந்தான், ஊர் அணியின் நிறம் மஞ்சள்.

"முதல் ட்ரம்பெட் இல்லாம குழு எதுக்குக்கா? ஊருக்கு வாயால ஊது. உன் வீட்டுக்கு வேணும்னா மனசுக்குள்ள ஊதிக்கோ."

அப்படித்தான் வந்து நின்றாள். முதல் பாதியில் ஆளுக்கொரு கோல். இரண்டாம் பாதியில் ஊர் அணி ஏறி ஏறி வந்தது. சமநிலையில் முடிந்தால் கோப்பை போன வருஷம் ஜெயித்தவர்களிடமே இருக்கும், அதாவது ராணுவத்திடம். ஊருக்கு ஒரு கோல் வேண்டும். அந்த ஒரு கோலைத் தடுக்க லுவான் இங்கேயும் அங்கேயும் பாய்ந்துகொண்டிருந்தான். சுயெனின் ட்ரம்பெட்டில் காற்று குறைந்துகொண்டே வந்தது.

"அக்கா, இது என்ன பாட்டு?"

"கிறிஸ்துமஸ் பாட்டுப்பா. இன்னும் ரெண்டு மூணு நாள்ல கோயில்ல வாசிக்கணும்ல."

"தாலாட்டு மாதிரி இருக்கு. இதைக் கேட்டா எவன் கோல் அடிப்பான்? குழந்தையைத்தான் தூங்க வைப்பான். ரத்தம் கொதிக்கிற மாதிரி ஏதாவது ஊதுக்கா."

சரியாக அப்போதுதான் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் இரண்டு தடுப்பாட்டக்காரர்களையும் தாண்டிப் பந்தோடு தனியாக வெளிப்பட்டான். அவனுக்கும் கோலுக்கும் நடுவே லுவானைத் தவிர யாரும் இல்லை. ஊர்ப் பக்கக் கேலரி முழுக்க எழுந்து நின்றது. "ஊதுக்கா" என்று குவாத் கத்தினான். சுயென் மகனைப் பார்த்தாள். நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் ட்ரம்பெட்டுக்குள் போனது. வெளியே வந்தது கிறிஸ்துமஸ் பாட்டும் இல்லை, சாவுப் பாட்டும் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு ஊறிப்போன அபாய ஊதல். எல்லாரும் எழுந்திரு, ஆயுதத்தை எடு, அணிவகுத்து நில் என்று சொல்லும் ஊதல்.

அந்த ஊதல் அவள் விரலுக்குப் புதிதும் அல்ல. லுவான் பள்ளிக்கூடம் போன நாட்களில் காலையில் அவனை எழுப்ப அதைத்தான் சமையலறையில் நின்று ஊதுவாள். சந்து முழுக்கப் பல் தேய்க்கக் கிளம்பிவிடும்.

வேறு நாளாக இருந்தால் வீரர்கள் சிரித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்களோ என்னவோ. ஆனால் அந்த வாரம் முழுக்க முகாமில் ஒரே வதந்தி. மேலிடத்துக் கர்னல் சும்மா வரவில்லை, ராணுவ தினத்தன்று யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் திடீர் ஒத்திகை வைக்கப் போகிறார் என்று. இரண்டு நாளாகப் பையன்கள் பூட்ஸோடு தூங்கினார்கள். பீர்க்கடைக்கு வந்தவர்கள் கூட ஒரு காதை முகாம் பக்கமே வைத்துக் குடித்தார்கள். அப்படிக் காத்திருந்தவர்கள் காதில்தான் சுயெனின் ட்ரம்பெட் விழுந்தது.

"என்னக்கா ஊதினே?" என்றான் குவாத், காலியான எதிர்க் கேலரியைப் பார்த்தபடி.

"தெரியலையேப்பா."

"பத்துப் பேரை ஒரே மூச்சுல காலி பண்ணிட்டியே." அவன் குரலில் பக்தி வந்திருந்தது. பிறகு புத்தி வந்தது. மைதானத்தைப் பார்த்துத் திரும்பினான். "டேய், என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? விசில் அடிக்கலைடா. அடிங்கடா."

உண்மைதான். நடுவர் விசில் அடிக்கவில்லை. ஊர்ப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் அவர். இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் படித்த ஞாபகம் இல்லாததால், விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் சட்டைக்காரன் சுதாரித்து அடித்தான். லுவான் காலை நீட்டினான். பந்து அவன் பாதத்தில் பட்டுத் தெறித்து, ஊர் அணித் தலைவரான ரொட்டிக்கடைக்காரரிடம் போனது. அவரைச் சுற்றி ஒரு ஆள் இல்லை. அடுப்பில் ரொட்டி வைக்கிற மாதிரி நிதானமாக, மூலை பார்த்து அடித்தார். லுவான் பறந்தான். விரல் நுனி பட்டுப் பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது. மூன்றாவதாக ஒருவன் ஓடி வந்து, இவ்வளவு பெரிய வாய்ப்பு வாழ்க்கையில் இன்னொரு தடவை வராது என்ற வேகத்தில் உதைத்தான். பந்து கோலுக்கு மேலே போய் நூல்கோல் பாத்திக்குள் உட்கார்ந்தது.

மைதானம் அமைதியானது. பந்தை எடுக்க வேண்டும். எடுக்கப் படைவீரன் வேண்டும். மிச்சப் பந்து கேப்டனின் பையில் இருந்தது, பை கேப்டனின் தோளில் இருந்தது, கேப்டன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஊர் ஆட்டக்காரர்கள் பாத்தியின் ஓரத்தில் வரிசையாக நின்று, உள்ளே கால் வைக்காமல், பந்தை ஏக்கத்தோடு பார்த்தார்கள். கடைசியில் லுவானே கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, இலை எதையும் மிதிக்காமல் பாத்திக்குள் போய்ப் பந்தை எடுத்து வந்தான். அப்போதுதான் நடுவருக்கு விசில் ஞாபகம் வந்தது.

சுயென் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவள் கண் முதல் வரிசையில் இருந்தது. எல்லோரும் ஓடிய பிறகும் கர்னல் மட்டும் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து, அவசரமில்லாமல், இரும்புக் கதவை நோக்கி நடந்தார். அவருக்குப் பின்னால் மேஜர் பாங், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சுண்ணாம்பு அடித்த முகத்தோடு போனார். கதவுக்குள் நுழையும் முன் கர்னல் நின்று, கோலில் தனியாக இருந்த பையனைத் திரும்பி ஒரு தடவை பார்த்தார்.

அபாய ஊதலுக்கு ஓடாத ஒரே படைவீரன் என்று அவன் பெயரில் எழுதிவிடுவார்கள். பரிந்துரையாவது மண்ணாவது. அவன் ஏன் ஓடவில்லை என்று யாரும் சொல்லத் தேவையில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் மூச்சையே அவள் அடையாளம் கண்டுகொள்வாள் என்றால், அவள் மூச்சை அவன் கண்டுகொள்ள மாட்டானா? அத்தனை பேர் காதிலும் விழுந்தது ராணுவத்தின் ஊதல். அவன் காதில் மட்டும் விழுந்தது அம்மாவின் ட்ரம்பெட். அதைச் சொன்னால் அம்மா மாட்டிக்கொள்வாள் என்று வாயைத் திறக்காமல் நிற்பான். அந்த நினைப்பே அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"நான் போய்ச் சொல்லிடறேன்" என்றாள்.

"என்ன சொல்லப் போறே?"

"நான்தான் ஊதினேன்னு. அவன் மேல தப்பில்லைன்னு."

"சும்மா இருக்கா. கேட்டா நான் ஊதினேன்னு சொல்லிக்கிறேன்."

"உனக்குத்தான் ஊதவே தெரியாதே."

"அதனாலதான் சொல்றேன். ஊதிக் காட்டுன்னு கேப்பாங்க. ஒரு சத்தமும் வராது. விட்டுடுவாங்க."

கொஞ்ச நேரம் கழித்து ராணுவ அணி திரும்பி வந்தது. முகாமின் அணிவகுப்புத் திடலில் முழு ஆயுதத்தோடு அணிவகுத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஒருவன் இடுப்பில் இன்னும் தண்ணீர்க் குடுவை தொங்கியது. இன்னொருவன் ஹெல்மெட்டோடு ஓடி வந்து, பாதி மைதானம் வந்த பிறகு கழற்றி வெளியே எறிந்தான். ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஆனால் ஊர் அணிக்கு மனது உடைந்திருந்தது. ஒற்றை ஆளுக்கு எதிராகவே அடிக்க முடியாதவர்கள் பதினொரு பேருக்கு எதிராக என்ன அடிப்பார்கள்? ஒன்றுக்கு ஒன்று. கோப்பை இருந்த இடத்திலேயே இருந்தது.

சாயங்காலம் பீர்க்கடையில் உட்கார இடமில்லை. குட்டி பிளாஸ்டிக் முக்காலிகளில் மஞ்சள் சட்டைகள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வடக்கிலிருந்து வீசிய குளிர் காற்றைப் பொருட்படுத்தாமல் நுரை பொங்கும் கிளாஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. வேகவைத்த வேர்க்கடலைத் தோல் தரையில் கணுக்கால் அளவு.

"ரொட்டிக்காரரே, உங்களுக்கு எதிரே ஒரு கோல், ஒரு பையன். இன்னும் என்ன வேணும்? தட்டுல வெச்சுக் குடுக்கணுமா?"

"பையன் இல்லைப்பா அவன். சுவரு. அவங்க அம்மாவைக் கேளு, எதைப் போட்டு வளர்த்தாங்கன்னு."

"அக்கா, அடுத்த வருஷம் கோல்கீப்பரையும் ஓட வைக்கிற மாதிரி ஏதாவது கத்துக்கிட்டு வா."

சுயென் சிரிக்க முயன்றாள். கையில் இருந்த கிளாஸில் பீர் நிரம்பி வழிந்து புறங்கையில் ஓடியது. அந்த நேரத்தில் சமையலறைப் பக்கத்துப் பின்கதவில் யாரோ தட்டினார்கள்.

மேஜர் பாங். தொப்பி இன்னும் கையில்தான் இருந்தது. கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்தார். சுயென் கையைத் துடைத்துக்கொண்டாள். மத்தியானத்திலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

"தோழர் மேஜர், அதை ஊதினது நான்தான். பையன் மேல ஒரு தப்பும் இல்லை."

"இல்லக்கா."

"சத்தியமா நான்தான்."

"ஊதினது நீதான். ஆனா ஊதச் சொன்னது நான்."

சுயென் அவரைப் பார்த்தாள். குடித்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

"நீங்களா? எப்ப சொன்னீங்க?"

"போன வாரம். ரகசியமா." மேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கே இன்னைக்கு மத்தியானம்தான் ஞாபகம் வந்துச்சு."

"எனக்கு இன்னும் வரலையே."

"வர வெச்சுக்கோக்கா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பிறகுதான் கதை வெளியே வந்தது. கர்னல் முகாமுக்குள் போனபோது ரெஜிமென்ட் முழுக்க அணிவகுத்து நின்றிருக்கிறது. பாதிப் பேர் வாயில் இன்னும் சூரியகாந்தி விதை. ஆட்டக்காரர்கள் முட்டி வரை சேற்றோடு, சிவப்புச் சட்டை மேல் ஆயுதப் பட்டி. சமையற்காரர்கள் கரண்டியோடு. அத்தனை பேரும் நூல்கோல் பாத்தியைக் கடந்துதான் ஓடியிருக்கிறார்கள், ஒரு செடி கூட மிதிபடவில்லை. மேஜர் பாங் வேலை போகும் என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். கர்னல் வரிசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எத்தனையோ ஒத்திகை பார்த்திருக்கிறேன், விழா நாளில், ஆட்டத்துக்கு நடுவில், ஊர்க்காரர் வாத்தியக் குழுவுக்குள்ளேயே ஊதுபவரை ஒளித்து வைத்து நடத்திய ஒத்திகையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் மேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்.

"அப்ப நான் என்ன சொல்றது, சொல்லு" என்றார் மேஜர். "இல்லை தோழர் கர்னல், எங்க ரெஜிமென்ட்டை ஒரு பீர்க்கடை அக்கா தெரியாம ஓட விட்டுட்டாங்கன்னா?"

சுயெனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. உடனே நின்றது. "அவன்? அவன் ஓடலையே. அதைக் கேட்டிருப்பாரே."

"கேட்டாரே. அதுதானே முதல் கேள்வி. ஒருத்தன் மட்டும் வரலையே, அவன் யாருன்னாரு. எனக்கு உயிரே போயிடுச்சு." மேஜர் கடலைத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்தார். இப்போது அவர் குரலில் கொஞ்சம் மிடுக்கு ஏறியிருந்தது. "காவலுக்கு நிக்கிறவன், மாத்து ஆள் வராம இடத்தை விட்டு நகரக் கூடாது, தோழர் கர்னல். கோல் அவனோட காவலிடம். இதைத்தான் சொன்னேன். எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியலை."

"அவர் என்ன சொன்னாரு?"

"பேர் என்னன்னு கேட்டாரு. சொன்னேன். தலைநகருக்குப் போற பரிந்துரையில இவன் பேரை எழுதுங்க, நானும் பக்கத்துல ஒரு வார்த்தை எழுதறேன்னுட்டாரு."

சுயென் அடுப்போரச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கடைக்குள் யாரோ "அக்கா, பீர்" என்று கூப்பிட்டார்கள். இன்னொருவர் அவளுக்குப் பதிலாக "வருது" என்று சொன்னார்.

மேஜர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். கதவருகே போனவர் நின்றார்.

"ஒரு விஷயம். அவன் நெஜமா ஏன் ஓடலை? நாலு தடவை கேட்டுட்டேன். கோல் என்னோட காவலிடம், தோழர் மேஜர்ங்கிறான். என் பதிலையே எனக்குத் திருப்பிச் சொல்றான். எவனோ அதுக்குள்ள அவன்கிட்ட சொல்லிட்டான்."

"எனக்குத் தெரியும்" என்றாள் சுயென்.

"என்ன?"

"அது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவுல." அவள் கண் பளபளத்தது. மேஜர் அதற்கு மேல் கேட்காமல் பின்வழியாகவே போனார்.

கூட்டம் கொஞ்சம் கலைந்த பிறகு லுவான் வந்தான். ஒரு மணி நேர அனுமதி வாங்கியிருந்தான். குளித்துச் சீருடை மாற்றியிருந்தாலும் காதுக்குப் பின்னால் சேறு இருந்தது. மஞ்சள் சட்டைகள் அவனை முதுகில் தட்டித் தட்டியே சமையலறை வரை கொண்டு வந்து சேர்த்தன. குவாத் தன் முரசுக் கோலையே அவனுக்குப் பரிசாகக் கொடுக்கப் பார்த்தான். பிறகு அடுத்த வருஷம் வேண்டுமே என்று ஞாபகம் வந்து திரும்ப வாங்கிக்கொண்டான்.

லுவான் பீப்பாயில் உட்கார்ந்தான், மேஜர் உட்கார்ந்த அதே இடத்தில். சுயென் அவன் முன்னால் சோறும், பொரித்த டோஃபுவும், மீன் சாஸும் வைத்தாள். அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கிண்ணம் காலியாகும் வரை பொறுத்துப் பார்த்தாள்.

"மேஜர் வந்துட்டுப் போனாரு."

"தெரியும்மா. தலைநகருக்கு எப்பப் போகணும்னு இன்னும் சொல்லலை. சந்திரப் புத்தாண்டு முடிஞ்சுதான் இருக்கும்."

"நல்லாச் சாப்பிடு. அங்க எவன் உனக்கு டோஃபு பொரிச்சுப் போடப் போறான்."

இரண்டாவது கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தாள். ட்ரம்பெட் அடுப்புக்கு மேல் ஆணியில் தொங்கியது. அடுப்பு வெளிச்சம் அதன் வாயில் பட்டு மஞ்சளாக மின்னியது. அவள் அதை ஒரு தடவை பார்த்தாள், மகனை ஒரு தடவை பார்த்தாள்.

"ஏன்டா, அத்தனை பேரும் எழுந்து ஓடினாங்களே. நீ மட்டும் ஏன் ஓடலை? அம்மாகிட்ட சொல்லு."

"அது உன் ஊதல்னு தெரிஞ்சுபோச்சும்மா."

"எப்படிடா தெரிஞ்சுது?"

"கேட்ட உடனே தெரிஞ்சுது. வேற யாரு ஊதியிருந்தாலும் நானும் ஓடியிருப்பேன்."

சுயென் தோளில் கிடந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நினைத்தபடியேதான். ரெஜிமென்ட்டே அதிர்ந்து ஓடியபோது, அம்மாவின் மூச்சைத் தெரிந்துகொண்டு நின்ற பிள்ளை. இதை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குழு முழுவதற்கும் சொல்ல வேண்டும் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டிருந்தபோது, லுவான் கடைசித் துண்டு டோஃபுவை மீன் சாஸில் தோய்த்து வாயில் போட்டு, மென்றபடியே சொன்னான்.

"பள்ளிக்கூடத்து நாள்ல தினமும் அதைத்தானே ஊதுவே, அதுக்கு நான் என்னைக்காவது எழுந்திருச்சிருக்கேனா?"